ஒன்றும் செய்ய இயலாதவளுக்காக ஒரு மனு

என் மகளுக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவள் பேரில் உதவித்தொகை கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தோம். முதல் விண்ணப்பத்தை நானே எழுதினேன். அதில் இருந்தது அத்தனையும் உண்மை. ஆகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதை அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கினோம்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தவுடன் அவள் அழவில்லை. ஆறு வயது வரை பேச்சு வரவில்லை. மேனாம்பேட்டில் ஒரு வீட்டு மாடியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பயிற்சி மையம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போவாள். அங்கிருந்த மிஸ் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். படிப்பு வந்ததிலிருந்து இவள் எதையும் விடுவதில்லை. பிரியாணிக் கடைப் பலகை, பால் பாக்கெட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றையும் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாக வேண்டும். மனதுக்குள் படிக்கிற வித்தை அவளுக்கு வராது. கையெழுத்து பிடிபடாது, பொடி எழுத்தும் சிரமம். பெரிய அச்செழுத்து என்றால் நாம் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் நின்று முடித்துவிட்டுத்தான் நகர்வாள்.

அந்த மையத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை நின்றுபோனது. இனிமேல் பெற்றவர்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும், முடியாதவர்கள் பிள்ளை பேரில் சிறப்புக் கல்வி உதவித்தொகை வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். எங்களால் முடியாது. ஜூன் மாதத்துக்குள் உதவித்தொகை வரவில்லை என்றால் அந்த மூன்று நாள் வகுப்பு போய்விடும். மிஸ் இல்லாமல் ஒரு மாதம் விட்டாலே அவள் பாதி எழுத்தை மறந்துவிடுவாள். இதை நாங்கள் ஒரு கோடை விடுமுறையில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தோம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளன். மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் உள்ளே போகும், கோளாறாக இருந்தால் சிவப்புச் சீட்டு. பத்தொன்பது வருடமாக இதே வேலை செய்கிறவனுக்கு, நல்லது தேறும், கெட்டது தேறாது என்றுதான் புத்தி போகும். போதாததற்கு யூனியன் ஆண்டு மலரில் என் கட்டுரை இரண்டு வந்திருந்தது. அந்தத் திமிர் வேறு.

இணையத்தில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால், ‘குழந்தையின் தற்போதைய திறன்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டம் சின்னது. என் மகளின் திறன்கள் அதில் அடங்காது என்று முடிவு செய்து, தனியாக இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். சட்டைப் பொத்தானைத் தானே போடுவாள். நாலு இட்லிக்கு மேல் வைத்தால் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒவ்வொன்றும் வர எத்தனை மாதம் ஆனது என்பதையும் எழுதியிருந்தேன். எழுதி முடித்துவிட்டு நானே ஒரு தடவை படித்துக் கண் கலங்கினேன். பத்து நாளில் கைபேசிக்குச் செய்தி வந்தது: தேவை போதிய அளவில் நிறுவப்படவில்லை. வேண்டுமானால் நேரில் வந்து மேல்முறையீட்டு மனு கொடுக்கலாம்.

என் மனைவி அந்த இரண்டு பக்கத்தையும் அப்போதுதான் முழுசாகப் படித்தாள்.

“இன்னாய்யா எழுதி வெச்சுக்கீறே? பொண்ணு பாக்க வர்றவங்களுக்குச் சொல்ற மாரி கீது. அவங்க இன்னா நம்ம ஊட்டுல சம்மந்தமா பண்ணப் போறாங்க?”

மறுநாளே லீவு போட வைத்து என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

உதவித்தொகை கொடுக்கிற அரசு அலுவலகத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை வாசலில், கம்ப்யூட்டரும் பிரிண்டருமாக மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குமணன்சாவடிக்காரர். இருபது வருடமாக ஜனங்களின் கஷ்டத்தை வடிவாக எழுதிக் கொடுப்பதுதான் தொழில். கஷ்டம் எல்லோருக்கும் இருக்கிறது, அதை உரிய முறையில் படத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. என் பழைய விண்ணப்பத்தை வாங்கிப் பாதி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னா நைனா இது, ரேங்க் கார்டு மாரி கீது. அழுவ வர வாணாமா?”

“எனக்கு வந்துச்சுண்ணே.”

“உனக்கு வந்து இன்னா பிரயோசனம். படிக்கறவங்களுக்கு வரணும்.”

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். ‘இரும்போடு இரும்பாக உழைத்து உடல் தேய்ந்த தொழிலாளி’ என்று தட்டினார்.

“ஏசி ரூம்லண்ணே வேலை. சூடு ஏறுனா அளவு மாறிடும்னு ஏசி போட்டுக்கீறாங்க.”

“ஏசியப் பத்தி நான் ஒண்ணும் எழுதலியே. உங்க அப்பா கீறாரா?”

“கீறாரு.”

“படுத்த படுக்கை,” என்று சொல்லிக்கொண்டே தட்டினார்.

“தெனம் மாங்காட்டுக் கோயிலுக்கு சைக்கிள் மிதிச்சுகினு போறாருண்ணே.”

“போவட்டும். நான் வாணாம்னா சொன்னேன்? மனுல மட்டும் படுத்துகினு கெடக்கட்டும்.”

கடைசியில் மகளிடம் வந்தார். பாப்பா என்ன செய்யும் என்று அவர் கேட்பதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சட்டைப் பொத்தானில் ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். “இன்னா பண்ணாதுன்னு சொல்லு.” என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அதையெல்லாம் திரட்டி ஒரே வரியில் முடித்தார். ‘இவளால் எதுவும் தானாகச் செய்ய இயலாது. எழுதப் படிக்கத் தெரியாது.’

“படிக்கத் தெரியும்ணே,” என்றேன்.

“பெத்தவங்க கண்ணுக்கு எல்லாப் புள்ளையும் படிக்கும் நைனா,” என்றார் அவர். என் மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

அச்சடிக்கும் முன் அவர் எழுத்தளவைக் கூட்டினார். “நல்லா பெருசா போட்டுக்கறேன். உள்ள கீறவங்களுக்கு வயசாயிடுச்சு. சின்ன எழுத்துன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு ஓரமா வெச்சுடுவாங்க.” எத்தனை விவரமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் குழந்தையுடன் நேரில் வரச் சொன்னார்கள். வராந்தாவில் பெஞ்சு கொள்ளாமல் பிள்ளைகளும் பெற்றவர்களும். அன்று அங்கே நடந்ததைப் போல ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. எல்லோரும் என்னைப் போலத்தான், ஒரு வார்த்தை வராதா என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலைந்தவர்கள். அவர்களே இன்று பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நிற்கப் பழக்கியவர்கள் உட்கார் என்றார்கள். ஒரு தகப்பன், நன்றாகவே நடக்கிற மகனைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தார். பையனுக்கு மீசை அரும்பியிருந்தது.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, இது மூன்றாவது முறையாம், என் மகளை மேலும் கீழும் பார்த்தாள். அன்று காலையில் என் மனைவி அவளுக்குத் தலை வாரி, இரட்டைச் சடை போட்டு, மல்லிகை வைத்துக் கூட்டி வந்திருந்தாள். பெரிய இடத்துக்குப் போகிறோம் என்றால் பிள்ளையைப் பளிச்சென்று கூட்டிப்போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

“இப்டி இட்டுகினு வந்தா இன்னாத்துக்குக் குடுப்பாங்க? கலைச்சு வுடும்மா,” என்றாள் அந்த அம்மா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

என் மனைவி பூவை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு சடையை அவிழ்த்துவிட்டாள். இன்னொன்றை அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. எனக்கு அந்த வராந்தாவையே தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. உள்ளே பேசக் கூடாது, சமர்த்தாக இருக்க வேண்டும் என்று மட்டும் மகளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

உள்ளே ஒரு பெண் அதிகாரியும் பக்கத்தில் ஓர் எழுத்தரும் இருந்தார்கள். அதிகாரி எங்கள் மனுவை மெதுவாக, முழுசாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. குமணன்சாவடிக்காரர் தன் தொழிலில் கெட்டிக்காரர்தான்.

“உங்க அப்பாவுக்கும் உடம்பு முடியலையா?”

“ம்,” என்றேன். அப்பா அந்நேரம் கோயிலிலிருந்து பாதி வழி திரும்பியிருப்பார்.

மகளிடம் பேர் கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். வயசு என்ன, என்ன வகுப்பு என்று எது கேட்டாலும் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அதிகாரி பெருமூச்சு விட்டு எதையோ குறித்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. “நேர்ல வந்ததுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க,” என்று மனுவை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

என் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணெதிரே, நல்ல பெரிய அச்செழுத்து. நான் பேனாவைத் தேடுவதற்குள் விரல் போய்விட்டது.

“இ... வ... ளால். இவளால். எ... து... வும். எதுவும்.”

“கம்முனு இரும்மா,” என்றாள் என் மனைவி. மகள் ஒரு வரியைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே கிடையாது.

“தா... னா... கச். செய்... ய. இய... இயலா... து. இயலாது.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எழு... தப். படிக்... கத். தெரி... யா... து.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். என் மகள் என் பக்கம் திரும்பினாள்.

“இவள்னா யாருப்பா?”

அந்த அறையில் அவளைத் தவிர எல்லோருக்கும் பதில் தெரியும். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

“யாரோ ஒரு பொண்ணும்மா,” என்றேன்.

அவள் திரும்பவும் அந்த வரியைப் பார்த்தாள். “பாவம்ப்பா,” என்றாள்.

அதிகாரி கோபப்பட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். “இவ்வளவு நல்லாப் படிக்கிறாளே. தினம் எத்தனையோ குழந்தைங்க வர்றாங்க, இப்படி ஒரு முன்னேற்றத்தை நான் பார்த்ததே இல்ல,” என்றார்.

“மேடம், அந்த மிஸ்கிட்ட போறதாலதான் படிக்குது. போவலன்னா மறந்துடும் மேடம்,” என்றேன்.

“அதான் வந்துடுச்சே,” என்றார்.

படிக்காத பிள்ளை என்றால், ஒன்றும் ஏறாததற்கு ஏன் செலவு என்பார்கள். படிக்கிற பிள்ளை என்றால், அதான் ஏறிவிட்டதே, இன்னும் ஏன் செலவு என்பார்கள். இரண்டுக்கும் நடுவே உதவித்தொகைக்குப் பொருத்தமான ஒரு பிள்ளை எங்கோ இருக்க வேண்டும். அதை நான் அந்த வராந்தாவில் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் என் மனைவி அவிழ்த்த சடையைத் திரும்பப் பின்னினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “ஒரு எடத்துலகூட தப்பாப் படிக்கலல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

மிஸ்ஸிடம் போய் நடந்ததைச் சொன்னோம். நாங்கள் பொய் எழுதியது, மாட்டிக்கொண்டது எதுவும் அவர் காதில் விழவில்லை. “இயலாதுன்னு படிச்சாளா? அந்த வார்த்தைய நான் சொல்லித் தரவே இல்லையே,” என்று நோட்டை எடுத்துத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கு மற்றது உறைத்தது. வாரத்தில் ஒரு நாள் தன் பொறுப்பில் பார்த்துக்கொள்வதாகவும், அதற்கு மேல் மையத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் பதிவுத் தபால் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்குள் மகள் உறையைப் பிடுங்கிக்கொண்டாள். தபாலில் தன் பேர் வந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பொடி எழுத்து. நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தரையில் விரித்து வைத்து, விரலை ஊன்றி, மேலே இருந்த கடித எண்ணிலிருந்து தொடங்கினாள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. விஷயம் கடைசி வாக்கியத்தில் இருந்தது. மேற்படி சிறுமி சரளமாகப் படிக்கும் திறன் பெற்றிருப்பதால் சிறப்புக் கல்விக்கான உதவி தேவையில்லை எனக் கருதி மனு நிராகரிக்கப்படுகிறது. அதில் ‘சரளமாக’ என்ற வார்த்தை மட்டும் அவளுக்கு வரவே இல்லை. ச, சர, சரளா என்று நாலு தடவை முட்டி மோதினாள். நாங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை, அது மிஸ் வைத்த சட்டம். ஐந்தாவது தடவை பிடித்துவிட்டாள். பிறகு மிச்சத்தையும் விடாமல் கையொப்பம் வரை படித்து முடித்து, எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் கை தட்டினோம்.