சீக்காளி வரிசை

பாலிதீன் தாளின் ஒரு முனையைப் பிடித்து முனீஸ்வரி மெல்லச் சுருட்டினாள். மேலே தேங்கியிருந்த பனிநீர் பாத்தியில் வழிந்தது. நெல் நாற்று அரை முழம் வளர்ந்து கரும்பச்சையாக நின்றது. குத்தவைத்து உட்கார்ந்து, ஓர வரிசையை இலை இலையாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

"வந்துருச்சாக்கா?" வரப்பிலிருந்து ஆன்மேரி கேட்டாள். அது அவளுடைய ஆராய்ச்சிப் பாத்தி.

"இல்ல மேடம்."

தெளித்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது. பூஞ்சை வித்துக் கலந்த நீரைத் தெளித்தால் ஏழாம் நாளே ஓர வரிசையில் குலைநோய் விழ வேண்டும். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருந்த அந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அந்த ஓர வரிசைக்குச் சீக்காளி வரிசை என்று பெயர். நோயைத் தாங்காத பழைய ரகம். அது முதலில் படுத்து, பக்கத்து வரிசைகளுக்கு நோயைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் நடுவில் பச்சையாக நிற்கிற நாற்றுதான் தேறியது. சீக்காளியே திடமாக நின்றால் மற்றதன் பச்சைக்கு மதிப்பில்லை. ஆன்மேரி ஐந்து வருடமாகக் கலப்புச் செய்து எடுத்த நாற்பது வரிசைகள் நடுவில் நின்றன. மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பனி விலகிவிட்டால் இந்த நோய்க்கு அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டும்.

வாட்ச்மேன் ஜெயபாண்டி டீத் தூக்கோடு வந்தார். "ஊரே நோய் போகணும்னு பாண்டி கோயில்ல கெடா வெட்டுது. நீங்க ரெண்டு பேரும் நோய் வரணும்னு வெட்டுவீக போல."

"வந்தா வெட்டுறோம்ணே. தலைக்கறி ஒங்களுக்குத்தான்" என்றாள் ஆன்மேரி. அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் சிரிக்கவில்லை.

முனீஸ்வரி டீயை வாங்கி ஆறவிட்டாள்.

கீழக்குயில்குடியில் அவளுக்கு முக்கால் ஏக்கர். மூன்று வருடத்துக்கு முன், பால் பிடிக்கிற நேரத்தில் இதே குலைநோய் விழுந்து, கதிர்க் கழுத்துக் கருத்து, அவ்வளவும் பதராகப் போனது. கணவன் அழகுபாண்டி அவனியாபுரத்தில் லேத் பட்டறைக்குப் போனான். அவள் பண்ணைக்கு வந்தாள். நோயைத் தாங்களே தெளிக்கிற இடம் என்று தெரிந்ததும் முதல் நாளே வீட்டுக்குத் திரும்பப் பார்த்தாள். ஆன்மேரிதான் நிறுத்திச் சொன்னாள். "நோயைத் தாங்குற ஜீன் ஒண்ணு மட்டும் இருக்குற நெல்லைப் பூஞ்சை ரெண்டு மூணு வருசத்துல ஏமாத்திரும்க்கா. அதான் ரெண்டு ஜீனை ஒரே செடியில சேக்குறேன். ஒண்ணு ஏமாந்தாலும் இன்னொண்ணு கண்டுபிடிச்சிரும்." முனீஸ்வரி வேலையைத் தொடர்ந்தாள்.

"மேடம், நாந்தான்" என்றாள் இப்போது.

"என்ன நாந்தான்?"

"நோயைத் தெளிச்ச அன்னைக்கு, தாளைப் போத்துறதுக்கு முன்னாடி சாம்பலைத் தூவிட்டேன். சீக்காளி வரிசைக்கு மட்டும்."

ஆன்மேரி டம்ளரை வரப்பில் வைத்தாள். "இலை மேலயா?"

"ஆமா. எங்க ஊர்ல நோய் அண்டக் கூடாதுன்னு நாத்துக்குச் சாம்பல் போடுவோம்."

"எம்புட்டு?"

"ரெண்டு கை இருக்கும். சாகுறதுக்குன்னே வெதைக்கிறோம். பாக்கப் பாவமா இருந்துச்சு."

"என்னையப் பாத்தா பாவமா இல்லையாக்கா?"

ஆன்மேரி பையிலிருந்து நோட்டை எடுத்துச் சாம்பலையும் தேதியையும் எழுதினாள்.

"ஃப்ரிட்ஜ்ல பூஞ்சை வித்து இன்னும் இருக்கு. எந்திரிங்க, இலையக் கழுவணும்."

"வேலைக்கு வராதன்னு சொல்லுவீகன்னு நெனச்சேன்."

"நீங்க போயிட்டா யாரு தாள் போத்துறது? நானா? எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு."

இருவரும் பகல் முழுக்கத் தண்ணீர் தெளித்து இலையைக் கழுவினார்கள். நோய் பரவக் காத்திருக்க நாளில்லை. அதனால் இந்தத் தடவை பாத்தி முழுவதற்கும் வித்து நீரை அடித்தார்கள். முனீஸ்வரி தாளை இழுத்துப் போர்த்தி நான்கு பக்கமும் கல் வைத்தாள்.

ஆறாம் நாள் காலை தாளைச் சுருட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சீக்காளி வரிசையில் இலைக்கு ஏழெட்டுப் புள்ளி. இரு முனையும் கூர்ந்து, நடு வெளுத்து, ஓரம் பழுப்பேறி இருந்தது. இதே புள்ளியைத் தன் வயலில் பார்த்த அன்று வரப்பில் விழுந்து அழுதிருக்கிறாள்.

"மேடம்! வந்துருச்சு! நல்லா வந்துருச்சு!"

ஆன்மேரி ஓடிவந்தாள். வரப்பில் வழுக்கி, சேறோடு எழுந்து, நடு வரிசைகளைப் புரட்டினாள். ஒற்றை ஜீன் வரிசைகளில் அங்கங்கே புள்ளி. இரண்டு ஜீனும் சேர்ந்த பதினேழு வரிசைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். பதினேழு.

"அக்கா" என்றாள். முனீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முனீஸ்வரி முந்தானையால் அவள் கையிலிருந்த சேற்றைத் துடைத்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு மதிப்பெண் போடத் தொடங்கினார்கள். நோயில்லாததற்குப் பூஜ்யம், முழுக்கக் கருகியதற்கு ஒன்பது. முனீஸ்வரி இலையை விரித்துப் பிடித்தாள், ஆன்மேரி எழுதினாள். சீக்காளி வரிசைக்கு எட்டு. ஒன்றரைக்கு முடிந்தது. புளிச்சோறு சாப்பிட்டார்கள். தாளைக் கழுவிக் காயப் போட்டுவிட்டு, நாலரை மணிக்கு முனீஸ்வரி ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள்.