பேனருக்கு அடியில் ஒரு நோயாளி தேவை

பட்டத்துக்காக நான் படித்த தடித்தடியான புத்தகங்களில் மனத்தின் ஆழத்தைப் பற்றி ஏராளமாக இருந்தது. பேனர் கட்டும் கயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அரசாங்க மனநலத் திட்டத்தில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்ந்த பிறகு என் பிழைப்பில் பாதி அந்தக் கயிற்றோடுதான் போகிறது.

வேலை இதுதான். சித்தூரிலிருந்து ஜீப்பில் கிளம்பி, ஒவ்வொரு ஊர் சுகாதார நிலையத்திலும் மாதம் ஒருமுறை முகாம் போட வேண்டும். டாக்டர் பார்ப்பார், நான் பேசுவேன், மாத்திரை கொடுத்து அனுப்புவோம். ஜில்லாவை இரண்டாகப் பிரித்தபோது மேஜை, பீரோவையெல்லாம் பிரித்துக்கொண்டார்கள்; எங்கள் டாக்டரை மட்டும் பிரிக்க முடியவில்லை. காலையில் நமக்கு, மத்தியானம் திருப்பதிக்கு. அதனால் நோயாளி வாயைத் திறப்பதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார்.

பங்காருபாளையம் பக்கத்து முகாமில் நாங்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தோம். பி.பி. பார்க்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே, போர்டு எதுவும் இல்லாமல் உட்கார்ந்துகொள்வோம். வரிசை ஒன்றுதான். யார் எதற்கு வந்திருக்கிறார் என்பது முன்னால் நிற்பவருக்கும் தெரியாது, பின்னால் நிற்பவருக்கும் தெரியாது.

அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் எல்லையோரத் தமிழ்க் கிராமத்துப் பெண். பிள்ளை பெற்ற பிறகு, காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுகிறார்கள் என்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவர். மாத்திரையில் அந்தக் குரல் அடங்கிவிட்டது. இப்போது மாங்கூழ் பேக்டரியில் சீசன் வேலை. கத்தி பிடித்துப் பழம் அறுக்கும் வரிசையில் நிற்கிறார்.

"மெண்டல் மாத்திர துன்றவ கைல கத்தி குடுப்பாங்களா சார்? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வெளிய தள்ளிடுவான்" என்று வேலைக்குச் சேர்ந்ததுமே சொல்லிவிட்டார். ஊரைப் பொறுத்தவரை அவர் துன்னுவது பி.பி. மாத்திரை.

இந்த ஏற்பாட்டின் நடுவில்தான் பேனர் வந்து இறங்கியது. முகாமையே அதற்குள் சுருட்டி வைத்துவிடலாம், அத்தனை பெரிது. மாங்காய் சைஸில் தெலுங்கு எழுத்துகள், நடுவில் ஒரு மனிதத் தலை, தலைக்குள் மின்னல். கூடவே ஓர் உத்தரவு: மேலே பேனரும் கீழே நோயாளிகளும் தெரியும்படி, இடமும் நேரமும் பதிந்த போட்டோ ஏற்ற வேண்டும். போட்டோ இல்லையென்றால் முகாமே நடக்கவில்லை. நடக்காத முகாமுக்கு அடுத்த மாதம் மாத்திரை எதற்கு?

கட்டினோம். அன்றைக்கு அந்தப் பெண் கேட்டுவரை வந்தார். மின்னல் அடித்த தலையைப் பார்த்தார். வந்த வேகத்தில் திரும்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். ஐம்பதை நெருங்குகிற தொப்பை ஓடுவதை ஊரே நின்று பார்த்தது. பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன்.

"என்னா சார், கல்யாண வூடு மாரி கட்டி வச்சிக்கினு கீறீங்க?"

"மேலிடத்து உத்தரவும்மா."

"மேலிடம் வந்து எனுக்கு பதிலா மாங்கா அறுக்குமா? எங்க லைன் பொம்பளைங்க இந்த ரோட்லதான் பஸ்ல போய்க்கினு இருக்காங்க."

"மாத்திர எதுவரைக்கும் வரும்?"

"நாளையோட சரி."

"அப்புறம்?"

"அப்புறம் காதுல திட்ட ஆரம்பிக்கும். தெரியும் சார். ஆனா வேலையும் வேணுமே."

அவரை அங்கேயே நிற்கச் சொன்னேன். திரும்பி வந்து பேனரை அவிழ்த்தேன். அவர் பி.பி. வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரையை டிபன் பாக்ஸுக்குள் போட்டுக்கொண்டு போனார். அவர் தலை மறைவதற்கும் என் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"போட்டோ ஏதண்டி?" என்றது மேலிடம்.

மறுபடி கட்டினோம். அடியில் உட்கார ஆள் இல்லை. எங்கள் நோயாளிகள் எல்லாரும் ஒரே நொடியில் பி.பி. நோயாளிகளாகிவிட்டார்கள். நாய்க்கடி ஊசிக்கு வந்த பெரியவரைக் கெஞ்சினேன். "நாய் என்னைக் கட்சிது. நான் யாரையும் கடிக்கலயே. என்னை எதுக்கு அங்க குந்த வைக்கிற?" என்றார்.

ஜீப் டிரைவர்தான் வழி சொன்னார். "சார், மீரே கூர்ச்சோண்டி, நீங்களே உக்காருங்க. உங்க மூஞ்சிக்கு மேக்கப்பே வேணாம்."

உட்கார்ந்தேன். நர்ஸம்மா என் தோளில் கை வைத்தார். கடுப்பில் என் முகம் எப்படி இருந்ததோ, டிரைவர் க்ளிக் செய்தார்.

அந்தப் படம் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஊர்வலம் போனது. வீட்டு ஓனர் என்னிடம் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேச ஆரம்பித்தார். வேலூரிலிருந்து மச்சினன் போன் செய்தான். "மாமா, எத்தினி நாளா இப்டி? அக்கா ஒரு வார்த்த சொல்லலயே!" மனைவி போனைப் பிடுங்கி, "கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே இப்டித்தான்டா. நீங்கதான் விசாரிக்காம குடுத்துட்டீங்க" என்றாள்.

சில நாள் கழித்து மேலிடமே கூப்பிட்டது. படத்தில் இருக்கிற நோயாளியின் முகத்தில் வேதனை அவ்வளவு இயல்பாக இருக்கிறதாம். அவர் குணமானதைத் தெலுங்கில் அவரே சொல்லும் வீடியோ வேண்டுமாம்.

"சார், அது நான்."

"பர்வாலேதண்டி. இப்போ குணமாயிட்டீங்களா?"

அடுத்த முகாமுக்குப் பேனர் ஜீப்பிலேயே கிடந்தது. அந்தப் பெண் வந்தார். மாம்பால் பட்டு விரல்கள் புண்ணாகியிருந்தன. "எங்க லைன்ல எல்லாரும் உங்க போட்டோவ பாத்தாங்க சார். 'பாவம், படிச்சவன் மாரி கீறான்'னு மேஸ்திரி சொன்னான்."

"உங்க கத்தி?"

"எங்கைலதான் கீது."

வீடியோ விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னா சொல்லப் போறீங்க?"

"சிகிச்சைக்குப் பின் எனது வாழ்க்கைத் தரம் மேம்பட்டுள்ளது."

"எந்தப் பைத்தியம் சார் இப்டி பேசும்?" என்றார். பிறகு வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல தூக்கமா வரும். அப்புறம் காதுல திட்றது கம்மியாவும். ஒரு நாளு கொழந்த அழும். இது நெசமா நம்ம கொழந்த அழற சத்தம்னு தெரியும். எழுந்து போய்த் தூக்குவோம். அவ்ளோதான் சார்."

நான் அதையே எனக்குத் தெரிந்த தெலுங்கில், டிரைவரின் போனைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பெண் பி.பி. வரிசையில் நின்று, நான் தப்பாகச் சொன்ன இடத்திலெல்லாம் முகத்தைச் சுளித்துக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அழுகிற இடம் வந்தபோது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மாத்திரையை வாங்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். மத்தியான ஷிப்ட்.

வீடியோவை அனுப்பினோம். போன் வந்தது. பேச்சு பிரமாதமாம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். ஆனால் பின்னால் பேனர் தெரியவில்லை. மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும்.

டிரைவர் ஜீப்பிலிருந்து பேனரை இழுத்துப் போட்டார். "இருப்பா" என்றேன். பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறி, பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் கயிற்றைக் கையில் எடுத்தேன்.