பின்பக்கத்து ஐந்து குழிகள்

நாற்பதை நெருங்கும் வயதில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, தோட்டக்கலையும் சுற்றுச்சூழலைக் கெடுக்காத தோட்ட வடிவமைப்பும் படிக்க ஒரு வருடம் இங்கிலாந்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் புனேயில், ஔந்த் பகுதியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

இறுதித் தேர்வுக்கு ஓர் உண்மையான இடத்துக்குத் தோட்டம் வரைய வேண்டும். மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களில் இடம் பார்த்தார்கள். நான் வீம்பாக எங்கள் ஃபிளாட்டின் பின்பக்கக் காலியிடத்தைச் சொன்னேன். திரும்பி வந்து வேலை செய்யப்போவது அந்த மண்ணில்தானே. "நீ தொட்டுப் பார்க்க முடியாத மண். அதில் தப்பு செய்தால் தேற மாட்டாய்" என்று ஆசிரியை எச்சரித்தார்.

மண்ணில் நீர் எப்படி வடிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். வீட்டுக்காரரிடம் ஓரடிக் குழி தோண்டி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னேன். முதல் வாளி மண் குடிப்பதற்கு, இரண்டாவது கணக்கெடுப்பதற்கு. இரண்டுமே மாயமாக மறைந்தன. நன்றாக நீர் வடியும் மண் என்று எனக்கு ஒரே குஷி. நீர் தேங்கினால் அழுகிவிடும் செடிகளாகத் தேடித் தேடி வரைந்தேன்.

வரைபடம் கொடுக்க இரண்டு வாரம் இருந்தபோது வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அம்மிணி, தண்ணிய மண்ணு குடிக்கலியாட்ட இருக்குது. பெருச்சாளி வளைக்குள்ள போயிருக்குது. இன்னிக்கு அந்தக் குழியில இருந்து ஒண்ணு எட்டிப் பாத்துச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "என்ற ஒரு வருசத்தையே நாசம் பண்ணிப்போட்டீங்களே!" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். வளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லாதது நான்தான். அதை ஒப்புக்கொள்ள அன்று மனம் வரவில்லை.

மறுநாள் மதியம் பார்த்தால் போன் நிறையப் படங்கள். லீவு போட்டுவிட்டு, வெவ்வேறு மூலைகளில் ஐந்து புதுக் குழிகள் தோண்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல், மணிக்கொரு படம். அங்கே சாயங்காலம் வரை தண்ணீர் இறங்கவே இல்லை. அத்தனையும் களிமண். கடைசிப் படத்தில் தவறுதலாக அவர் உள்ளங்கை விழுந்திருந்தது, கொப்புளங்களோடு. வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் அழித்து, மழைநீர் தங்குவதற்கு ஒரு பள்ளமும் ஈரத்தைத் தாங்கும் செடிகளுமாக இரண்டு வாரத்தில் மறுபடி வரைந்தேன். "மண் பரிசோதனைதான் இதில் மிகச் சிறந்த பகுதி" என்று எழுதி ஆசிரியை மதிப்பெண் போட்டிருந்தார்.

உடனே கூப்பிட்டேன். "பாஸ் ஆயிட்டேனுங்க. உங்களாலதானுங்க" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப குழியெல்லாம் மூடிரட்டுமா அம்மிணி? மறுக்கா அளக்கச் சொல்லுவியோன்னு அப்படியே வெச்சிருக்கறேன். ஃபிளாட் செகரட்டரிகிட்ட தெனமும் திட்டு வாங்கி முடியல."