சிவப்பு அம்புக்குறி ஒட்டிய ஒலிப்பேழை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலம்பாளையத்தில் எனக்கு வாய்த்த நண்பர், அருள்புரத்துப் பனியன் ஆலை ஒன்றில் செக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டே: ஒரே தெரு, ஒரே ஒலிப்பேழை.

ஊரார் காசெட் எனக் கூறும் அவ்வொலிப்பேழை, அமெரிக்க நாட்டுக் குழு ஒன்று பெருங்கூட்டத்தின் முன் மேடையில் இசைத்ததை அவ்வாறே பதிந்தது. 'திராஷ் மெட்டல்' என்பது அவ்விசையின் பெயர். பழைய இரும்புச் சாமான்களைத் தாளம் தவறாமல் லாரியிலிருந்து இறக்கினால் எவ்வாறு ஒலிக்குமோ அவ்வாறு ஒலிக்கும். இதனை நான் இகழ்ச்சியாகக் கூறவில்லை.

பின்னலாடை கொள்முதலுக்கு வந்த வெளிநாட்டு இளைஞர் ஒருவர், மண்டையோடு அச்சிட்ட கரும்பனியன் ஒன்றையும் இப்பேழையையும் என் நண்பருக்கு அன்பளிப்பாக விட்டுச் சென்றார். நண்பரோ, கையில் எது கிடைப்பினும் குறை காணாது விடாதவர். பனியனில் ஓட்டையோ கறையோ தென்பட்டால், அவ்விடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்டுத்தாளை ஒட்டுவது அவர் தொழில்முறை. பேழையை என் இல்லத்தில் முதன்முறை கேட்டபோதும் அதனையே செய்தார்.

"பாட்டுக்கு நடுவுல ஆளுங்க கத்தறாங்க. டேமேஜ் பீஸுங்க" என்று கூறி, சட்டைப்பையிலிருந்து அம்புக்குறி ஒன்றை எடுத்துப் பேழையின் மேல்விளிம்பு மூலையில் அழுத்தி ஒட்டினார்.

அது குறையன்று, கேட்போரின் ஆரவாரம் என்று உறையிலிருந்த படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் நெடுநேரம் படத்தை நோக்கினார்.

"அப்ப டேமேஜ் இல்லீங்களா? டிசைனுங்களா?"

"டிசைன்தானுங்க."

அன்று முதல் அவருக்குப் பாடல்களினும் ஆரவாரமே பெரிதாயிற்று. அம்புக்குறி மட்டும் அகற்றப்படவில்லை.

பேழை என் இல்லத்திலேயே தங்கியதற்குக் காரணம் அவர் வீட்டு எருமை. "அந்தப் பாட்டப் போட்டா எரும மடிய இறுக்கிக்குதுங்க. ஊட்டுக்குள்ள கொண்டு வந்தா அடுப்புல போட்டுருவேன்னு சொல்லிப்போட்டா" என்று தம் மனைவியின் தீர்ப்பை என்னிடம் அறிவித்தார். ஆகவே ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு, ஒரு பொட்டலம் வறுகடலையுடன் என் இல்லம் வருவார். நான் விடைத்தாள் கட்டை முன்னே வைத்துக்கொண்டு, அவர் பொருட்டு இவ்விசையைப் பொறுத்துக்கொள்பவன்போல் அமர்ந்திருப்பேன்.

"ஏனுங்க வாத்தியாரே, பேப்பரக் கையில திருத்தறீங்களா, கால்லயா?" என்று ஒருநாள் கேட்டார். குனிந்து பார்த்தேன். என் வலக்கால் தரையைத் துவைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் பக்கத்தின் இறுதிப் பாடலுக்கு முன் ஓர் ஆரவாரம் எழும். பல்லாயிரம் தொண்டைகள் ஒன்றாய்த் திறக்கும். அவ்விடம் வந்ததும் நண்பர் எழுந்து நின்று, நெற்றியில் திருநீறு மின்ன, உறைப்படத்துப் பாடகனைப்போல் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி இருகைகளையும் உயர்த்தி, "ஓ" என்று தாமும் கலந்துகொள்வார். வாரம் முழுதும் குனிந்து துணி பார்த்த முதுகு அக்கணத்தில்தான் நிமிரும். அதற்காகவே அவர் வந்தார் என்பதை நான் அறிவேன்.

அதனைத்தான் நான் அழித்தேன்.

அவிநாசியில் ஓர் இலக்கிய மன்றத்தில் 'இன்சொல்' என்னும் பொருளில் உரையாற்ற என்னை அழைத்திருந்தனர். உரையைப் பதிந்து கேட்டுத் திருத்திக்கொள்வோம் எனப் புதிய வெற்றுப்பேழை ஒன்று வாங்கினேன். அதனை ஒலிப்பதிவுக் கருவிக்குள் இட்டுவிட்டதாக உறுதியாக நம்பினேன். ஐயம் எழாமலில்லை. ஆயின் விலைக்கு வரும் பாட்டுப்பேழைகளின் மேல்விளிம்பில் சிறு பள்ளம் ஒன்று உண்டு. அது திறந்திருக்கும்வரை பதிவுப் பொத்தான் அழுந்தாது. வெற்றுப்பேழையில் அது மூடியே இருக்கும். என் விரலுக்குப் பொத்தான் அழுந்தியது. எனவே உள்ளிருப்பது வெற்றுப்பேழையே எனத் தருக்க முறைப்படி முடிவு செய்து, குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினேன்.

முடித்தபின் தலைப்பெழுதுவதற்காகப் பேழையை வெளியே எடுத்தேன். மேல்விளிம்பில், பள்ளத்தைச் செவ்வனே மூடியபடி, சிவப்பு அம்புக்குறி இருந்தது.

தொடர்ந்து கேட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இரண்டாம் பக்கம் முழுதும் போயிற்று என்றே கருதினேன். இத்தகைய பேழை கோவையிலும் கிடையாது. ஒரு நண்பரை இழப்பதற்கு இதனினும் சிறந்த வழியை நான் தேடியிருப்பினும் கண்டிரேன்.

மறுநாள் ஞாயிறு. முதற்பக்கம் முடிந்தது. தேநீர் வழங்கினேன். மீண்டும் வழங்கினேன். கருவிக்கு உடல்நலம் சரியில்லை என்றேன்.

"மொதப் பக்கத்துக்கு நல்லாத்தான இருந்துச்சுங்க? திருப்பிப் போடுங்க."

திருப்பினேன். "அவிநாசி மன்றத்து அவைக்கு வணக்கம்" என்றது கருவி. "சான்றீர், இனிய சொல்லின் இயல்பு யாதெனில்..."

நண்பர் வறுகடலையை வாய்க்கருகில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். நான் நிகழ்ந்ததைக் கூறத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். குறையுள்ள துணியை முழுதும் விரித்துப் பாராமல் தள்ளுவது அவர் வழக்கமன்று. என் உரை முழுவதையும் கேட்டார். நானும் கேட்க நேர்ந்தது. அத்துணை நீளமான உரையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"ஆதலின், உரக்கப் பேசும் உலகில் நாம் மெல்லப் பேசுவோமாக" என்று என் குரல் முடித்தது. ஒரு சிறு சொடுக்கொலி. உடனே பல்லாயிரம் பேர் வெறிகொண்டு ஆர்ப்பரித்தனர்.

அந்த ஆரவாரம் பிழைத்திருந்தது. அதன்பின் இறுதிப் பாடலும் இடிபோல் தொடர்ந்தது. நண்பர் எழவில்லை, கையுயர்த்தவில்லை. நாடாவைச் சற்றே பின்னுக்கு ஓட்டி, என் கடைசிச் சொல்லும் ஆரவாரமும் கூடும் இடத்தை மும்முறை கேட்டார்.

"காசெட்ட நான் எடுத்துக்கறனுங்க" என்றார். கடலைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். அது என்னை மிகவும் கலக்கிற்று.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான்கு மணிக்கு விடைத்தாள்களைக் கையால் மட்டுமே திருத்தினேன்.

அவிநாசிக் கூட்டத்தில் முப்பதுபேர் இருந்திருப்பர். உரையின் நடுவில் கடைசி வரிசையைக் கண்ணுற்றேன். திருநீற்று நெற்றி, அதன்கீழ் மண்டையோட்டுக் கரும்பனியன். எவ்வாறோ, "ஆதலின், உரக்கப் பேசும் உலகில் நாம் மெல்லப் பேசுவோமாக" என்று முடித்தேன்.

அவையோர் பண்புடன் சிறிது கைதட்டினர். அப்போது கடைசி வரிசையில் நண்பர் எழுந்து, இரு விரல்களை நீட்டி இருகைகளையும் உயர்த்தி, "ஓ" என்று அலறினார். மூச்சு தீரும்வரை அலறினார். மன்றச் செயலாளர் அடிதடி என்று எண்ணி ஓடிவந்தார். முன்வரிசை முதியவர் ஒருவர், இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளது போலும் என்று மீண்டும் கைதட்டினார்.

அவருடைய மொபெட்டின் பின்னிருக்கையில் ஊர் திரும்புகையில் கேட்டேன்: "ஏனுங்க இப்படிச் செய்தீர்கள்?"

"டேப்புல அங்க சத்தம் வருதுங்களே. சாம்பிள்ல இருக்கறது புரொடக்ஷன்ல இல்லீன்னா பீஸ ரிஜெக்ட் பண்ணிருவாங்க."

"என்மேல் சினமில்லையா?"

"மொத ரெண்டு வாரமும் உங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தனுங்க. அப்பறம் ஊட்டுல போட்டுப் பாத்தேன். உங்க பேச்சுக்கு எரும தாராளமாப் பால் தருதுங்க. அவளே தெனமும் போடச் சொல்றா. கடைசியில ஜனம் கத்தறப்பத்தான் வாளிய எத்துது. ஆனா ஒண்ணுங்க, ஜாயிண்ட் தெரியவே இல்லீங்க."

என் வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்திப் பேழையைக் கையில் தந்தார். மேல்விளிம்பில் அம்புக்குறி இல்லை. உரித்தெடுத்த இடத்தில் சிறிது பசை மட்டும் இருந்தது.

"இனி யாரும் இது மேல பேச முடியாதுங்க. நீங்களுந்தான்" என்றார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். கடல உங்க செலவு."