சக்கரத்துக்கு ஒரு கட்டை

பெட்ரோல் விலை எகிறிய காலம். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் வாடகை லோடு வேன்காரர்கள் நாங்கள் கூடுவோம். பழைய பெட்ரோல் வேன் வைத்திருந்த ஒருவரும் வருவார். ஒல்லி உடம்பு, காலரில் எப்போதும் கிரீஸ். வண்டி நின்றதும் அது உருளாமலிருக்க ஒரு மரக்கட்டையைச் சக்கரத்தடியில் சொருகிவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார்.

எங்கள் வண்டிகளுக்குச் செய்ததையே அவருக்கும் சொன்னோம்.

"டீசல் இன்ஜின் மாத்து மச்சான், செலவு பாதிதான்."

மாற்றினார்.

"ஸ்பிரிங் பட்டை கூடப் போடு. குவாரிக் கல்லு எவ்ளோ ஏத்துனாலும் தாங்கும்."

போட்டார்.

ஒருநாள் கல் லோடோடு வந்தவர், பிரேக்கை மிதித்தும் கடையைத் தாண்டி வேப்பமரம் வரை போய்த்தான் நின்றார். கட்டையைச் சொருகிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஓடுறதுக்கு எல்லாம் சொன்னீங்க. இத்த நிறுத்த இன்னா வழிண்ணா?"

"லோடைக் கொறைச்சுக்கயேன்."

"கொறைச்சா வேற வண்டிய கூப்ட்டுக்குவாங்க. நீங்க கொறைச்சீங்களா?"

நான் இன்னொரு டீ சொன்னேன். அவர் கட்டையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்த வாரமே நாங்களும் ஆளுக்கொரு கட்டை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டோம். லோடை யாரும் குறைக்கவில்லை.