லேசரா, நீராவியா?

அப்பாவுக்குப் புற்றுநோய் இல்லை. புரொஸ்டேட் வெறுமனே வீங்கியிருக்கிறது.

கண்டியில் இன்று டொக்டர் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பா இன்னும் கதிரை நுனியிலேயே இருந்தார்.

என்னைப் பார்த்ததும் டொக்டர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். அப்பாவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும்.

"ரெண்டுல எது வேணும்னாலும் செய்யலாமாம்ப்பா. லேசர்னா வளர்ந்த சதைய எடுத்துருவாங்க. சீக்கிரமே சுகம், ரொம்ப காலம் தாங்கும். நீராவின்னா சூடா உள்ள செலுத்துவாங்க, சதை மெல்ல மெல்லச் சுருங்கும். கொஞ்ச நாள் ஒண்ணுக்குப் போக டியூப் போட்டிருக்கணும், சுகம் தெரிய சில வாரமாகும்."

"ம்."

அடுத்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன். லேசருக்குப் பிறகு பெரும்பாலும் விந்து வெளியே வராது. நீராவியில் அந்தப் பிரச்சினை குறைவு. கம்பஸில் படித்த சொற்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடும்மா, அந்த விசயந்தானே," என்ற அப்பா, டொக்டரிடம் சரளமான சிங்களத்தில் அதையே கேட்டார். கட்டுகஸ்தோட்டையில் சிங்களவர் மத்தியில் கடை வைத்திருப்பவருக்குச் சிங்களம் தெரியாதா என்ன? டொக்டர் சிரித்தபடி விளக்கினார்.

"அப்ப நீராவியே செய்வோம்," என்றார் அப்பா.

நான் இன்னும் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "பிறகு என்னை எதுக்குப்பா கூட்டிட்டு வந்தீங்க?"

"வேற ஏதும் சொல்லியிருந்தா? தனியா கேட்டுக்கிட்டு பஸ் ஏற ஏலாதே."

பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார்.

சீக்கிரம் சுகமாவதை விட்டுவிட்டு ஏன் நீராவி என்று அம்மா இப்போது என்னைக் கேட்கிறார். நல்ல பதில் வைத்திருப்பவர்கள் உடனே எழுதுங்கள்.