உப்புப் போட்ட அணில்

வாலை நைனா இரண்டு விரலால் நீட்டிப் பிடித்தார். நான் காலிப்பரை வைத்துப் படித்தேன். தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர். முன்காலிலிருந்து பின்கால் வரை விரியும் தோல் கிழியவில்லை. வியாசர்பாடியில் எங்கள் சமையல் மேடையில், நாங்கள் சாப்பிடும் தட்டில், ஒரு பறக்கும் அணில்.

"இன்னும் உப்பு போடும்மே. நாறப்போவுது."

நானும் அவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

என் அப்பா பீம்ராவ் திருவொற்றியூருக்கு அப்பால் ஒரு மரக்கிடங்கில் புகை போடுபவர். கப்பலில் வரும் வெளிநாட்டுத் தடிகளை அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தில் மணல் பைகளை அழுத்தி, உள்ளே விஷவாயுவைத் திறந்துவிட வேண்டும். வெளியூர்ப் பூச்சி உள்ளே வரக் கூடாது என்பது சட்டம். இருபத்தாறு வருடம் செய்தார். முகமூடிக்குப் புது வடிகட்டி கேட்டால், மேற்பார்வையாளர் திருமலை, "இன்னா மாமு, கல்யாணத்துக்கா போற?" என்பார். வாயு அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அந்தக் கிடங்கில் அப்படி ஒரு கருவியே கிடையாது.

வீட்டுக்கு வந்தால் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரையும் தொடமாட்டார். எந்தத் தாளிலும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ரேஷன் கடை வரிசை முழுக்கத் திட்டினாலும் படிப்பார்.

போன மாதம் பாயை விலக்கியபோது ஒரு தடியின் பொந்திலிருந்து அந்த அணில் விழுந்தது. கடலில் பத்து நாள் பிழைத்து வந்திருக்கிறது. செத்தது நைனா போட்ட புகையில். காம்புகளில் பால் இருந்தது. பொந்துக்குள் தோள் வரை கையை விட்டு நைனா துழாவினார். குட்டி எதுவும் அகப்படவில்லை.

அறிக்கைப் படிவத்தில் பூச்சிக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. அதை அடித்துவிட்டு, 'அணில் ஒன்று, கொன்றது நான்' என்று எழுதினார். எலிக்கெல்லாம் ரிப்போர்ட்டா என்று திருமலை கிழித்துப்போட்டார். அடுத்த லோடு வந்ததும், எல்லாப் பொந்துகளையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் பாய் போர்த்த மாட்டேன் என்றார் நைனா.

"நீ இன்னா, மரத்துக்கு டாக்டரா?"

வேலை அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

படத்தையும் அளவுகளையும் மகிமா என்ற ஆய்வாளருக்கு அனுப்பினேன். இதுவாக இருக்கலாம் என்று அவர் ஊகிக்கும் வகைக்கு, அழியும் உயிர்களின் பட்டியலில் 'போதிய தரவு இல்லை' என்றுதான் போட்டிருக்கிறதாம். இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா, யாருக்கும் தெரியாது. அந்தத் தடி எந்தக் காட்டில் வெட்டப்பட்டது என்று சொன்னால் இந்த உடல் ஒரு தரவு. சொல்லாவிட்டால் வெறும் தோல்.

அந்தப் பதிலை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"தடிக்கு நம்பர் கீது. எந்தக் காட்ல எந்த மூலைல வெட்னான்னு பேப்பர் கீது, திருமலை டேபிள்ல. அதுக்குள்ள குடியிருந்ததுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாதாமா?"

தடியின் எண் அவரிடம் இருந்தது. திங்கட்கிழமை போய்க் கேட்பதாகச் சொன்னார். ஞாயிறு காலை மூச்சு நின்றது. எத்தனை வருடம், எவ்வளவு வாயு உள்ளே போயிருக்கும் என்று மருத்துவர் கேட்டார். அளந்தவர் யாருமில்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இருபத்தாறு வருடம் உழைத்த இடத்துக்குள் நுழைய அவர் வெளியாள் சீட்டு வாங்கி, நிரப்பி வைத்திருந்தார். பெயர்: பீம்ராவ். பார்க்க வேண்டியவர்: திருமலை. வந்த காரியம் என்ற இடத்தில் எழுத்து கோட்டைத் தாண்டி ஓரம் வரை போயிருக்கிறது: 'ஒரு தாய்க்கு எந்த ஊர் என்று கேட்க.'